உயிலா, பாகப்பிரிவினையா, உயிரோடிருக்கும்போதே பத்திரமா: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க உழவர் எடுக்க வேண்டியிருந்த முடிவு

1786ஆம் ஆண்டு மே மாதம் கென்டக்கியில் தன் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் உழவர், பூர்வகுடியினரின் தாக்குதலில் கொல்லப்பட்டார். அவர் பெயரும் ஆபிரகாம் லிங்கன்தான். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான லிங்கனுக்கு அவர் பாட்டனார். கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதியாக இருந்தது. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே சேரும் என்ற பழைய ஆங்கிலேயச் சட்டம் வர்ஜீனியாவில் இன்னும் நடப்பில் இருந்தது. ஆகவே அவருடைய நிலம் மூத்தவர் மொர்தெகாய்க்குப் போயிற்று. இளையவர் தாமஸ் வெறுங்கையோடு வளர்ந்தார். அந்தப் பழைய விதியை நீக்கி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு தரும் சட்டத்தை வர்ஜீனியா 1785இலேயே இயற்றியிருந்தது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி முதல் நாளில். தந்தை இன்னும் எட்டு மாதம் உயிரோடிருந்திருந்தால் தாமஸ் லிங்கனின் வாழ்க்கையும், அவர் மகனின் இளமையும் வேறு விதமாக அமைந்திருக்கக்கூடும்.

இந்த மாற்றம் அமெரிக்க உழவர் வீட்டின் இளைய பிள்ளைகளுக்கு, இங்கிலாந்தில் பொதுவாக இல்லாத ஒரு நியாயத்தைத் தந்தது. கூடவே வீட்டுத் தலைவருக்கு ஒரு சுமையும் வந்து சேர்ந்தது. மூத்தவனுக்கே எல்லாம் என்ற விதி கொடியதாக இருந்தாலும், உயில் எழுதாதவரின் நிலத்தை அது சிதறவிடவில்லை. இனி நிலம் சிதறாமலிருக்க வேண்டுமானால் அவரே முடிவு செய்ய வேண்டும். அவர் முன் இருந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கணக்குக்கு வசதியாக ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம்: ஒகையோ, இந்தியானா, இல்லினாய் போன்ற ஒரு மாநிலத்தில், நில அளவையின்படி கால் செக்‌ஷன் எனப்படும் 160 ஏக்கர் நிலம், உழவர், அவர் மனைவி, ஆறு பிள்ளைகள். இந்தக் குடும்பம் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். நிலம் சிதறாமல் நிற்குமா, கணவருக்குப் பின் மனைவிக்குக் கூரையும் சோறும் உறுதியா, வீட்டை விட்டுப் போகும் பிள்ளைகளுக்கு நியாயமாக ஏதேனும் கிடைக்குமா என்பவையே அவை. அக்கால உழவர்களில் பலர் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டார்கள். இரண்டாவது கேள்வியில்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

ஒன்றும் எழுதாமல் இறந்துபோவது முதல் வழி. எழுத்தறிவுக் குறைவாலும், சாவைப் பற்றிப் பேசத் தயங்கியதாலும், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதாலும் மிகப் பலர் சென்ற வழி இது. ஒகையோ ஆற்றுக்கு வடக்கேயிருந்த நிலப்பரப்புக்கென 1787இல் வகுக்கப்பட்ட வடமேற்கு ஆணையின் இரண்டாம் பிரிவே வாரிசுரிமையைப் பற்றியது. உயிலின்றி இறந்தவரின் சொத்து மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமபங்காகச் சேரும். முன்பே இறந்துவிட்ட பிள்ளையின் பங்கு அப்பிள்ளையின் மக்களுக்குப் போகும். கைம்பெண்ணுக்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயுள் வரையிலும், அசையும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு முழு உரிமையாகவும் உண்டு. பின்னர் உருவான மாநிலங்கள் இதைத் தத்தம் வழியில் திருத்திக்கொண்டாலும் எலும்புக்கூடு இதுவாகவே இருந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிட நேர்மையான ஏற்பாடு இருக்க முடியாது. பெண்பிள்ளைகளுக்கு இது தந்த சமபங்கை, தந்தையரின் கையால் எழுதப்பட்ட உயில்கள் பெரும்பாலும் தரவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. ஆனால் நம் 160 ஏக்கருக்கு இந்தச் சட்டத்தைப் பொருத்திப் பாருங்கள். கைம்பெண்ணின் பங்கு சுமார் 53 ஏக்கர், அதுவும் அவர் காலம் வரை மட்டுமே. ஆறு பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் மொத்த நிலத்தில் ஆறில் ஒன்று, அதாவது 27 ஏக்கரை ஒட்டிய பங்கு. அதிலும் மூன்றில் ஒரு பகுதியைத் தாயின் மறைவுக்குப் பிறகே அனுபவிக்க முடியும். கிணறும் களஞ்சியமும் ஒரு துண்டில், மரக்காடு இன்னொன்றில், ஓடை வேறொன்றில் என்று பிரிந்த நிலத்தை வைத்துக்கொண்டு எவரும் குடும்பம் நடத்த முடியாது.

ஆகவே பெரும்பாலும் நிலம் பிரிபடாப் பொதுச் சொத்தாகவே சில காலம் கிடக்கும். அவர்களில் ஒருவர் எப்போது வேண்டுமானாலும் நீதிமன்றத்தில் பாகம் கேட்கலாம். நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர்கள் நிலத்தைப் பார்வையிட்டு, கெடாமல் பிரிக்க முடியாது என்று அறிக்கை தந்தால் நிலம் ஏலத்துக்கு வரும். பென்சில்வேனியாவில் இதற்கு ஓர் அறிவார்ந்த மாற்று இருந்தது: அநாதைகள் நீதிமன்றம் எனப்பட்ட அங்குள்ள வாரிசு நீதிமன்றம், நிலத்துக்கு விலை மதிப்பிட்டு, மூத்த மகன் தொடங்கி வரிசையாக ஒவ்வொருவரிடமும் இந்த மதிப்புக்கு எடுத்துக்கொண்டு மற்றவர்களின் பங்கைப் பணமாகத் தருகிறாயா என்று கேட்கும். நிலம் சிதறவில்லை, பங்கும் அழியவில்லை. அயலார் ஏலம் கேட்க வருமுன் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பும் கிடைத்தது. உயிலில்லாத மரணத்துக்கு அந்த நூற்றாண்டு கண்ட தீர்வுகளில் இதையே சிறந்ததாக நான் கருதுகிறேன்.

பிள்ளைகள் சிறுவர்களாக இருந்துவிட்டால் இந்த வழியின் குறை இன்னும் கூர்மையாகும். தாய் உயிரோடிருந்தாலும் தந்தையை இழந்த பிள்ளையைச் சட்டம் அநாதை என்றே அழைத்தது. அப்பிள்ளையின் பங்கைக் காக்க நீதிமன்றம் கார்டியன் ஒருவரை நியமிக்கும். அவர் பெரும்பாலும் சித்தப்பாவாகவோ பக்கத்துப் பண்ணைக்காரராகவோ இருப்பார். தான் பெற்ற பிள்ளையின் நிலத்தைப் பற்றி ஒரு தாய் அந்த ஆணிடம் போய் நிற்க வேண்டியிருந்தது.

இரண்டாம் வழி உயில். அதிலும் இந்த நாட்டுப்புறத்தில் பெரும்பாலும் காணப்பட்ட வடிவம் ஒன்று உண்டு. நிலம் ஒரு மகனுக்கு, அல்லது இரண்டு மகன்களுக்கு. அவர்கள் மற்ற சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் குறிப்பிட்ட தொகை தர வேண்டும். மனைவி தன் காலம் வரை, அல்லது மறுமணம் செய்யும் வரை, வீட்டில் இருக்கலாம். பெண்மக்களுக்குப் பணமும், ஒரு பசுவும், படுக்கையும், திருமணத்தின்போது தரப்பட்ட சாமான்களும் போதும் என்று கருதப்பட்டது. நிலம் சிதறாமல் நின்றது என்பதே இதன் பெருமை. முதல் கேள்விக்கு இதைவிட நேரான விடை இல்லை.

ஆனால் அந்தப் பணத்தை யார் தருவார், எதிலிருந்து தருவார் என்பதை உயில் எழுதியவர்கள் நன்றாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சகோதரர்களுக்கான தொகை டாலர் கணக்கில் நிலையானது. கோதுமையின் விலையோ நிலையற்றது. 1873இல் தொடங்கிய நிதி நெருக்கடிக்குப் பின் விளைபொருள் விலைகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் சரிந்துகொண்டே போயின. புஷல் என்ற தானிய அளவுக்கு ஒரு டாலருக்கு மேல் விற்ற கோதுமை 1894இல் ஏறத்தாழ 50 சென்டுக்கு வந்தது. விலை உயர்ந்திருந்த காலத்தில் நியாயமெனத் தோன்றிய 500 டாலர் கடமை, விலை பாதியானபோது இரண்டு மடங்கு தானியத்தை விழுங்கியது. நிலத்தைப் பெற்றவன் அதிர்ஷ்டசாலி என்று மற்றவர்கள் எண்ணியிருக்க, அவன் அடமானக் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தான். குறைந்தபட்சம் நிலத்தின் மதிப்பில் இத்தனை பங்கு என்று எழுதியிருந்தால் சுமை விலையோடு சேர்ந்து ஏறியிறங்கியிருக்கும்.

மனைவியைப் பற்றிய உயில் வாசகங்கள் படிக்கும் எவரையும் வருத்தும். நாற்பது ஆண்டு தானும் உழைத்து உருவாக்கிய வீட்டில் கிழக்குப் பக்கத்து அறை, சமையலறையைப் பயன்படுத்தும் உரிமை, தோட்டத்தில் ஒரு பாத்தி, கோயிலுக்குப் போக ஒரு குதிரை என்று எண்ணி எழுதப்பட்டிருக்கும். மறுமணம் செய்தால் அதுவும் போகும். இதற்கு எதிராக அவர் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. கணவரின் உயிலை ஏற்க மறுத்து, சட்டம் தரும் மூன்றில் ஒரு பங்கையே கேட்டுப் பெறும் உரிமை பொதுவாக எங்கும் இருந்தது. இந்தியானா 1852இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஆயுள் வரையிலான அந்தப் பழைய உரிமையை நீக்கிவிட்டு மூன்றில் ஒரு பங்கை முழு உரிமையாகவே கைம்பெண்ணுக்குக் கொடுத்தது. கணவர் உயிரோடிருக்கையில் மனைவியின் நிலைமை மெல்லவே மாறியது; மிசிசிப்பி 1839இலும் நியூயார்க் 1848இலும் மணமான பெண்ணின் சொத்துரிமையை ஏற்கும் சட்டங்களை இயற்றின. அவற்றுக்கு முன், தன் பெற்றோர் வழி வந்த நிலத்தைக்கூட மணமான பெண் தன் விருப்பப்படி உயில் எழுதிவைக்கப் பெரும்பாலும் முடியாது. ஆகையால் மகளுக்கு நிலம் எழுதத் தயங்கிய தந்தையிடம் ஓரவஞ்சனை மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது; மகளுக்கு எழுதினால் அது மருமகனின் கடன்காரர் கைக்குப் போய்விடும் என்ற அச்சமும் இருந்தது. அந்த அச்சத்துக்கு மருந்தாக மகளின் பேரில் அறங்காவல் வைக்கலாம், அதாவது நிலத்தை அவருக்காக வேறொருவர் பொறுப்பில் விடலாம் என்பதை வசதியானவர்கள் அறிந்திருந்தார்கள். அதை எழுதத் தெரிந்த வழக்கறிஞர் சிற்றுழவருக்கு எளிதில் கிடைக்கவில்லை.

மூன்றாம் வழி, உயிரோடிருக்கும்போதே நிலத்தை ஒரு பிள்ளைக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் இருவரையும் சாகும்வரை காப்பேன் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது. நியூ இங்கிலாந்தின் மலைக் கிராமங்களிலும், பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் குடியேறிய ஜெர்மானியரிடையேயும் இது பரவலாக இருந்தது. ஜெர்மானியர் இதைத் தம் தாய்நாட்டு வழக்கமாகவே கொண்டுவந்தார்கள். இத்தகைய ஒப்பந்தங்கள் மிக நுணுக்கமாக எழுதப்படும். ஆண்டுக்கு இத்தனை புஷல் கோதுமை மாவு, இத்தனை ராத்தல் பன்றி இறைச்சி, அடுப்புக்கு ஏற்ற அளவில் வெட்டிப் பிளந்து வாசலில் அடுக்கிய விறகு, நோயுற்றால் மருத்துவர் என்று ஒவ்வொன்றும் எழுத்தில் வரும். பெற்ற பிள்ளையோடு விறகுக்குக் கணக்கெழுதுவதா என்று தோன்றலாம். மருமகள் வந்த பிறகு, பேரப்பிள்ளைகளால் வீடு நிறைந்த பிறகு, தந்தை இறந்து தாய் மட்டும் எஞ்சிய பிறகு அந்தக் கணக்கு ஒன்றே அவருக்குப் பேசும் என்பதை அனுபவம் கற்பித்திருந்தது.

இதன் ஆபத்து வெளிப்படையானது. பத்திரம் கைமாறிய பின் மகன் நிலத்தை விற்றுவிட்டாலோ, கடனுக்கு இழந்துவிட்டாலோ, தந்தைக்கு முன்பே இறந்துவிட்டாலோ முதியவர்கள் தெருவில் நிற்பார்கள். ஆகவே அறிந்தவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்தார்கள்: காப்பாற்றும் கடமைக்கு அந்த நிலத்தையே அடமானமாகப் பெற்று மாவட்டப் பதிவேட்டில் ஏற்றினார்கள், அல்லது பத்திரத்திலேயே ஆயுள் அனுபவ உரிமையைத் தமக்கென நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த இரண்டாவது முறைக்கு நமக்கு நன்றாகத் தெரிந்த எடுத்துக்காட்டு லிங்கன் குடும்பத்திலேயே இருக்கிறது. தந்தையின் நிலத்தில் பங்கில்லாமல் வளர்ந்த தாமஸ் லிங்கன், கென்டக்கியில் வாங்கிய நிலங்களின் உரிமைச் சிக்கல்களில் நொந்து 1816இல் இந்தியானாவுக்கும், 1830இல் இல்லினாய்க்கும் போனார். இறுதியில் கோல்ஸ் மாவட்டத்தின் கூஸ்நெஸ்ட் பிரேரியில் நிலைத்தார். 1841 அக்டோபரில், ஸ்பிரிங்ஃபீல்டில் வழக்கறிஞராக இருந்த மகன் ஆபிரகாம் அந்தப் பண்ணையின் கிழக்கு 40 ஏக்கரைத் தந்தையிடமிருந்து 200 டாலருக்கு வாங்கினார். வாங்கிய கையோடு, தந்தையும் சிற்றன்னை சேராவும் தத்தம் ஆயுள் முழுவதும் அந்த நிலத்தை அனுபவிக்கலாம் என்றும், இருவரின் மறைவுக்குப் பின் ஓராண்டுக்குள் அதே 200 டாலரை வட்டியின்றித் தந்தால் நிலத்தை ஜான் ஜான்ஸ்டனுக்கு எழுதித் தருவதாகவும் உறுதிப் பத்திரம் கொடுத்தார். ஜான்ஸ்டன் சேராவின் முதல் கணவருக்குப் பிறந்த மகன்.

இந்த ஏற்பாட்டின் அறிவு எதில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதியவர்களின் கைக்கு ரொக்கம் வந்தது. அவர்கள் காலடி நிலம் அவர்களை விட்டுப் போகவில்லை. நிலத்தின் உரிமை மகன் பேரில் இருந்ததால், தாமஸோ ஜான்ஸ்டனோ அவசரத்தில் அதை விற்றுவிடவும் முடியாது. வாரிசுச் சட்டம் ஒன்றும் தராத மாற்றான் மகனுக்கும் ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டது. இரத்த உறவைச் சட்டம் தாராளமாகவே கணித்தது. உடன்பிறப்பு முழு உறவா பாதி உறவா என்று கூட வடமேற்கு ஆணை வேறுபாடு பார்க்கவில்லை. ஆனால் கூடவே வளர்ந்து, கூடவே உழுத மாற்றான் பிள்ளை அதன் கண்ணில் அயலான்தான். அத்தகைய பிள்ளைக்கு ஏதேனும் சேர வேண்டுமென்றால் யாரேனும் எழுதியே ஆக வேண்டும்.

தாமஸ் 1851 ஜனவரியில் இறந்தார். எஞ்சிய 80 ஏக்கர், சேராவின் மூன்றில் ஒரு பங்கு உரிமைக்கு உட்பட்டு, உயிரோடிருந்த ஒரே பிள்ளையான ஆபிரகாமுக்கு வந்தது. அவர் அதை ஒரு டாலருக்கு ஜான்ஸ்டனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். சில மாதங்களிலேயே ஜான்ஸ்டன் நிலத்தை விற்றுவிட்டு மிசூரிக்குப் போக விரும்பினார். இங்கேதான் நான்காம் வழியான விற்றுப் பணமாகப் பிரித்துக்கொண்டு மேற்கே போவது என்பதன் உண்மையான உருவம் தெரிகிறது. 1851 நவம்பரில் லிங்கன் அவருக்கு எழுதிய கடிதம் கடுமையானது: மிசூரியில் மட்டும் உழைக்காமல் சோளம் விளையுமா என்று கேட்கிறார், கிடைக்கும் பணத்தில் பாதி பயணத்துக்கும், மீதி உண்ணவும் உடுத்தவும் போய்விடும், ஓர் அடி நிலமும் வாங்கமாட்டாய், புதைக்கும் அளவு இடம்கூட உனக்கு மிஞ்சாது என்கிறார். தாயை எண்ணியே தான் அதிகம் கவலைப்படுவதாகவும், கிழக்கு 40 ஏக்கரை அவர் வாழும்வரை அவருக்காகவே வைத்திருக்கப்போவதாகவும், யாரும் பயிரிடாவிட்டால் குத்தகைக்காவது விடலாம் என்றும் எழுதுகிறார்.

எல்லாருக்கும் விற்பது தவறு என்று இதைக்கொண்டு முடிவுகட்ட வேண்டியதில்லை. மத்திய அரசின் நிலம் ஏக்கர் 1.25 டாலருக்குக் கிடைத்த காலத்தில், ஒகையோவில் நல்ல விலைக்கு விற்ற 160 ஏக்கரின் பணம் அயோவாவில் மூன்று மகன்களுக்குத் தனித்தனிப் பண்ணை அமைக்கப் போதுமானதாக இருந்திருக்கலாம். 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு, ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டால் 160 ஏக்கர் ஏறத்தாழ இலவசமாகவே கிடைத்தது. இடையில் குடியேறியவர் இறந்தால் மனைவியோ வாரிசுகளோ மீதிக் காலத்தை நிறைவு செய்து பட்டா பெறலாம் என்றும் அச்சட்டம் வகை செய்தது. ஆகவே வாலிப மகன்கள் உள்ள, உடல் வலுவுள்ள பெற்றோருக்கு விற்றுப் போவது பொருந்தும். அறுபது வயதைக் கடந்த தாய் ஒருவர் வீட்டில் இருக்கையில் பொருந்தாது.

முன்கூட்டியே சிறிது சிறிதாகக் கொடுத்துவிடுவதும் உண்டு: மூத்தவனுக்குத் திருமணத்தின்போது நிலம், மகளுக்குச் சாமான், மூன்றாமவனுக்குத் தொழில் பழகப் பணம். இறந்த பின் பங்கு பிரிக்கும்போது இவை கழிக்கப்படும். கணக்குப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைத்தவர் வீட்டில் இது நன்றாக நடந்தது. எழுதாதவர் வீட்டில் வழக்காக முடிந்தது.

தெற்கு மாநிலங்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் இந்த ஒப்பீட்டை நேர்மையாக எழுத முடியாது. அங்கே பங்கு பிரிக்கப்பட்ட சொத்தில் மனிதர்களும் இருந்தார்கள். பண்ணையார் ஒருவரின் மரணம் அவர் அடிமைப்படுத்தி வைத்திருந்த குடும்பங்களுக்கு ஒரு பேரச்சத்தின் தொடக்கம். கணவர் ஒரு வாரிசுக்கும், மனைவி இன்னொருவருக்கும், பிள்ளைகள் ஏலத்துக்கும் போகலாம். சமபங்கு என்ற நியாயமே அவர்களைச் சிதறடித்தது. வர்ஜீனியாவின் ரோனோக் பண்ணையாரும் அரசியல்வாதியுமான ஜான் ராண்டால்ஃப் 1833இல் இறந்தபோது ஒன்றுக்கொன்று முரண்பட்ட உயில்களை விட்டுச் சென்றார். அவருடைய அடிமைகளை விடுவிக்கும் உயிலே செல்லும் என்று முடிவாகி, 383 பேர் ஒகையோவுக்குப் புறப்பட 1846 வரை ஆயிற்று. அங்கே அவர்களுக்கென வாங்கியிருந்த மெர்சர் மாவட்ட நிலத்தில் காலூன்ற உள்ளூர் வெள்ளையர்கள் விடவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் அத்தனை பேரின் விடுதலையை நிறுத்தி வைத்தது ஒருவர் ஒன்றோடொன்று மோதும் உயில்களை விட்டுச் சென்றதுதான்.

இவற்றையெல்லாம் வைத்து, நம் 160 ஏக்கர் குடும்பத்துக்கு நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்? ஒரு பிள்ளை நிலத்தில் நிற்க உறுதியாக இருந்தால், ஆயுள் அனுபவ உரிமையை நிறுத்திக்கொண்டு பதிவு செய்த பத்திரமே முதலிடம் பெறும். மற்றப் பிள்ளைகளின் பங்கை நிலையான தொகையாக அல்லாமல் மதிப்பின் விகிதமாக அதிலேயே எழுதிவிட வேண்டும். நிற்பவர் யார் என்று தெரியாத நிலையில், பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போது, மனைவியையே கார்டியனாகவும் உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளராகவும் நியமிக்கும் உயில் வேண்டும். சாட்சிகள் மாநிலச் சட்டம் கேட்கும் எண்ணிக்கையில், இரண்டோ மூன்றோ, இருக்க வேண்டும். பிள்ளையில்லாத தம்பதியர் எழுதாமல் விடவே கூடாது. ஏனெனில் வடமேற்கு ஆணையின்படி மனைவியின் மூன்றில் ஒரு பங்கு போக, மற்றவை கணவரின் நெருங்கிய இரத்த உறவினர்க்கும், இறந்துபோன உடன்பிறந்தாரின் பிள்ளைகளுக்கும் போய்விடும். நெடுந்தொலைவில் இருந்து ஒருமுறையும் வந்து பார்க்காத, இறந்துபோன அண்ணனின் மகனுக்கும் அதில் பங்கு கிடைக்கலாம். பென்சில்வேனியாவில் வளர்ந்த பிள்ளைகளோடு ஒற்றுமையாக வாழ்ந்த குடும்பம் மட்டும், உயிலின்றிச் சட்டத்தின் மதிப்பீட்டு முறையிலேயே விட்டிருந்தாலும் பெரிதாக இழந்திருக்காது. மகள்களை அப்படியே ஒதுக்கிவிட எண்ணும் தந்தையாக இருந்தால், அவர் உயில் எழுதாமல் இருப்பதே மகள்களுக்கு நல்லது.

ஜான்ஸ்டன் தன் பங்கை 1851 முடிவதற்குள்ளேயே விற்றுவிட்டு, 1854இல் இறந்தார். ஆபிரகாம் லிங்கன் 1861 ஜனவரி இறுதியில், பதவியேற்க வாஷிங்டனுக்குப் புறப்படுமுன் கோல்ஸ் மாவட்டத்துக்குப் போய்ச் சிற்றன்னையைப் பார்த்துவிட்டு வந்தார். 1865இல் அவர் சுடப்பட்டு இறந்தபோது, வழக்கறிஞராக இருந்தும் தமக்கென ஓர் உயிலையும் எழுதியிருக்கவில்லை. மனைவியும் இரு மகன்களும் சட்டப்படி ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு பெற்றார்கள். சேரா அதன் பின்னும் வாழ்ந்து 1869இல் மறைந்தார். 1841இல் எழுதிய உறுதிப் பத்திரத்தின்படி கிழக்கு 40 ஏக்கரை அனுபவிக்கும் உரிமை அந்த நாள் வரை அவருடையதாக இருந்தது.